கறுப்பு ரிப்பன் கட்டிய கார்

"ம், இப்ப இழுங்க!" என்றார் அற்புதசாமி, பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே.

டிரைவர் ஸீட்டிலிருந்த ஜெகபர் அலி ஸ்டார்ட்டரை இழுத்தார். இன்ஜின் கிர்கிர்ரென்று சுற்றியது. பற்றவில்லை. கூடத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் நிறுத்திக் காது கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

காரின் சொந்தக்காரர் ஸ்தனிஸ்லாஸ் கூடத்துப் பெஞ்சில் கிடத்தப்பட்டிருந்தார். காலையில்தான் இறந்துபோனார். பாலக்கரை சுருட்டு வியாபாரிகளில் சொந்தக் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். இந்தச் செய்தி ஊருக்குத் தெரியாமல் போய்விடக்கூடாது என்று உயிரோடு இருந்தவரை அவரே பார்த்துக்கொண்டார்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மனைவி வியாகுலம்மாளுக்கு ஜன்னல் வழியாக அண்ணன் அற்புதசாமியின் முதுகு மட்டும் தெரிந்தது. காலையிலிருந்து அந்த முதுகு நிமிரவே இல்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. வராதது பற்றி மற்றவர்கள் கிசுகிசுத்துக்கொண்டது காதில் விழுந்தது. அதுவும் வேறு யாரைப் பற்றியோ போலிருந்தது.

அற்புதசாமி ரயில்வேயில் ஆயுசெல்லாம் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயரானவர். சக்கரம் வைத்தது எதுவானாலும் தம் இலாகாவைச் சேர்ந்தது என்ற எண்ணம் அவருக்கு உண்டு.

"பெட்ரோல் வருது. அப்ப பெட்ரோல் கோளாறு இல்ல," என்று வாசலில் நின்றவர்களுக்கு அறிவித்தார். "பேட்டரியும் இருக்கு. பிளக்கைத் தொடச்சாச்சு. இனிமே கார்பரேட்டர்தான்."

துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் காரைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். ஒருவர் வெந்நீர் ஊற்றச் சொன்னார். ஒருவர் வண்டிக்கே கண்பட்டிருக்கிறது என்றார். மாலையோடு வந்த ஒரு கனவான், மாலையைக் கார் மட்கார்டில் தொங்கவிட்டுவிட்டுக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். மாலை கடைசி வரை உள்ளே வரவில்லை.

"சார், சாயங்காலம் எடுக்கணும்," என்றார் ஜெகபர் அலி. பக்கத்து வீட்டுக்காரர், அரிசிக் கடை வைத்திருப்பவர். "காரு இல்லாட்டி என்ன, பெட்டி போறதுக்கு வண்டி வருதே."

"என்ன பாய் பேசுறீங்க? மச்சான் கார் வச்சிருந்தவர். கார் முன்னால போவணும், பெட்டி பின்னால போவணும். ரிப்பன் கட்டியாச்சு, பாருங்க."

முன்பக்கக் கம்பியில் கறுப்பு ரிப்பன் பெரிய பூவாக முடியப்பட்டிருந்தது.

ஊர்வலத்தின் கௌரவத்துக்காக மட்டும் அவர் இந்தப் பாடு படவில்லை என்பது வியாகுலம்மாளுக்குத் தெரியும். காலையில் ஏன் கிளம்பவில்லை? அது தெரிந்தாக வேண்டும் அவருக்கு. அவளுக்கும்.

காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஸ்தனிஸ்லாஸ் டம்ளரைக் கீழே விட்டார். வேர்த்துக் கொட்டியது. வாய் குழறியது. முந்தின நாள் சாயங்காலம்தான் வந்திறங்கியிருந்த அற்புதசாமி, "நான் இருக்கேன்! புத்தூர் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நேரம் ஆவும்?" என்று ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். பின் ஸீட்டில் கணவனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். கார் கிர்கிர்ரென்றது. மறுபடியும் கிர்கிர்ரென்றது. ஸ்தனிஸ்லாஸ் இடது மார்பைத் தட்டிக்காட்டினார்.

"அங்கயா வலிக்குது?" என்று அவள் தடவிவிட்டாள்.

அவள் கையைத் தள்ளிவிட்டு மறுபடி தட்டினார். அவள் இன்னும் அழுத்தித் தடவினாள்.

"அவரை அசைக்காத, வியாகுலம்! இந்தா, இப்பக் கெளம்பிரும்," என்றார் முன்னாலிருந்து அண்ணன்.

கடைசியில் ஜெகபர் அலிதான் ஜட்கா வண்டி பிடித்து வந்தார். ஜட்காவில் ஏற்றியதும் ஸ்தனிஸ்லாஸ் தட்டுவதை நிறுத்திக்கொண்டார். வலி குறைந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். புத்தூர் போய்ச் சேர்ந்தபோது டாக்டருக்கு வேலை இருக்கவில்லை.

"அம்மா, கோட்டு மாட்டணும்," என்று மகள் செல்வமேரி தோளைத் தொட்டாள்.

மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். கல்யாணக் கோட்டு வயிற்றில் பூட்டவில்லை. செல்வமேரி முதுகுப் பக்கம் தையலைப் பிரித்துக் கொடுத்தாள். காலையில் போட்டிருந்த சட்டையை வியாகுலம்மாள் கழற்றினாள். எப்போதும் துவைக்கப் போடுமுன் பையைத் துழாவுகிற கை, இப்போதும் இடது மார்புப் பையைத் துழாவியது. ஒரு பாதிச் சுருட்டு. கைக்குட்டை. கைக்குட்டைக்குள் சுற்றி ஏதோ ஒன்று. கட்டைவிரல் அளவு, கறுப்பாக, தலையில் பித்தளைத் தகடு.

என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. திறந்தால் அற்புதசாமி. முழங்கை வரை கிரீஸ். முகத்தில் காலையிலிருந்து காணாத வெளிச்சம்.

"கண்டுபிடிச்சிட்டேன், வியாகுலம்! டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தொறந்து பாக்குறேன், உள்ள ரோட்டரைக் காணோம்! எவனோ கழட்டியிருக்கான்!"

"ரோட்டர்னா?" என்றாள்.

"இத்துனூண்டு இருக்கும். கறுப்பா. மேல பித்தளை வச்சிருக்கும். அது இல்லாட்டி ராஜா காரா இருந்தாலும் நகராது." அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "நான் காலையில தலைகீழா நின்னிருந்தாலும் கெளம்பியிருக்காது. என் மேல தப்பில்ல, ஆத்தா. எடுத்தவன் வெளங்குவானா? ஒரு உசுரையில்ல எடுத்துட்டான்!"

வியாகுலம்மாள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

போன வருஷம் தபாலாபீஸ் வரை போய் வருகிறேன் என்று இதே அண்ணன் காரை எடுத்துக்கொண்டு போனவர், வேளாங்கண்ணிக்குப் போய் மாதாவைக் கும்பிட்டு, மட்கார்டை நசுக்கிக்கொண்டு திரும்பினார். "இனிமே உங்கண்ணன் வந்தா வண்டி நகராது, பாத்துக்க," என்று ஸ்தனிஸ்லாஸ் சொன்னார். எத்தனையோ சொல்வார். நேற்றுச் சாப்பாடு முடிந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது சீட்டியடித்துக்கொண்டு வந்தார். சாவியை ஒளிக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்படி ஆணியிலேயே மாட்டினார். அண்ணன் சாவியை எடுத்து, ஸ்டார்ட்டரை இழுத்து இழுத்துப் பார்த்து அவமானப்படுவதை நேரில் காண வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கும்.

காலையில் பின் ஸீட்டிலிருந்து கண்டுகொண்டுதான் இருந்தார்.

"ஆமாண்ணே," என்றாள். "நீங்க என்ன பண்ணுவீங்க."

அற்புதசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்னமெல்லாம் கிரீஸ் ஆயிற்று. பிறகு இந்தச் செய்தியை மற்றவர்களுக்குச் சொல்ல வாசலுக்குப் போனார்.

"கையில என்னம்மா?" என்றாள் செல்வமேரி.

"அப்பாவுது."

கோட்டை மாட்டிவிட்டு, அதன் இடது மார்புப் பையில் அதைப் போட்டாள். பை லேசாகப் புடைத்தது. அந்த இடத்தைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். அப்பாவின் விரல்களில் செபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்த செல்வமேரி அம்மா அழப்போகிறாள் என்று காத்திருந்தாள். வியாகுலம்மாள் கோட்டின் காலரை நேராக இழுத்துவிட்டாள்.

பங்குச் சாமியார் வந்து செபம் சொல்லி மந்திரித்தார். பெட்டியை மூடி ஆணி அறைந்தார்கள். வாசலில் இன்னும் வாதம் ஓய்ந்திருக்கவில்லை. கடைசியில் ரிப்பன் கட்டிய காரை அப்படியே விட்டுப் போவது மரியாதையில்லை என்று முடிவாயிற்று. அரிசிக் கடை ஆட்கள் பின்னால் கை கொடுத்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒருவர் வேண்டுமே என்று அற்புதசாமி உள்ளே ஏறி உட்கார்ந்தார். கார் முன்னால் போயிற்று, ஒரு சத்தமும் இல்லாமல். பெட்டி பின்னால் போயிற்று.

வியாகுலம்மாள் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளுகிறவர்களின் முதுகுகள் வேர்வையில் நனைந்திருந்தன. தெருமுனை வந்ததும் அற்புதசாமி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, வலது பக்கம் திரும்பப்போவதாகச் சிக்னல் காட்டினார்.