வலையோரத்து முதுகு

உடை மாற்றும் அறையில் ஷூ நாடாவை இறுக்கியபடியே என் டென்னிஸ் ஜோடி நெட்டையன் சொன்னான்.

"அடுத்த வாரம் நான் இடதுகைக்காரனோட ஜோடி சேந்து ஆடறேன்."

"இத சொல்ல இப்பத்தான் வாய் வந்துச்சா?"

"மூஞ்சிய தூக்கி வச்சுக்காதடா. நாம என்ன ஒட்டிப் பிறந்தவங்களா?"

இரட்டையர் டென்னிஸில் ஜோடியின் இரண்டு தரவரிசைகளையும் கூட்டித்தான் போட்டியில் சேர்ப்பார்கள். என்னுடையதைத் தனியாக வைத்துக்கொண்டு எங்கேயும் நுழைய முடியாது. இன்று ஜெயித்தால் அந்தப் புள்ளிகளைக் காட்டி வேறு ஆளைக் கேட்கலாம். தோற்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

கடைசி செட்டில் எதிரணிக்கு இன்னும் ஒரு புள்ளி போதும் என்ற நிலை. சர்வீஸ் என்னுடையது. நெட்டையன் எனக்கு முதுகைக் காட்டி வலையோரம் குனிந்து நின்றான். என் பந்து அவன் காதை உரசுகிற தூரத்தில்தான் போகும். ஜோடியாக ஆடும் இந்த ஒரு வருடத்தில் அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

பந்தை மேலே எறிந்தேன். அவன் திரும்பிப் பார்த்தான்.

சர்வீஸ் சரியாகத்தான் விழுந்தது. எதிராளி தடுமாறித் தட்டிவிட்ட பந்து, பூப்போல அவனிடமே மிதந்து வந்தது. என்னிடமிருந்து கண்ணை எடுத்து அவன் மட்டையைத் தூக்குவதற்குள் பந்து அதன் விளிம்பில் பட்டு வெளியே போய்விட்டது. தோற்றோம்.

நாற்காலியில் வெகுநேரம் துண்டால் முகத்தை மூடியிருந்தவன் கேட்டான்.

"என் மண்டையப் பாத்துதானே அடிக்க இருந்த?"

"நீ திரும்பாம இருந்திருந்தா அது ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கும்," என்றேன்.