குசகாபே கொண்டுவந்த மண்

1

இந்தக் கதைக்கு என்னிடம் இருக்கும் மூலதனம் ஒரே ஒரு காட்சிதான், அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜப்பானில், மிஷிமா ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு பெண்மணி குனிந்து, மரத்தடி மண்ணை டீஸ்பூனால் சுரண்டிக் காகித உறையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவர், "மருந்துக் கம்பெனி ஆளா இருக்கும்" என்று சொல்லிவிட்டு நாளிதழுக்குத் திரும்பிவிட்டார். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. இந்த நாட்டில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவனுக்கு அந்த அளவு கற்பனை செய்ய உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "ஒரு பிடி மண்ணுக்குள் கோடானுகோடி உயிர்கள்..." பாடப்புத்தகம். அடித்துவிட்டேன்.

அடுத்து: "ஆக்டினோபாக்டீரியா எனப்படுபவை..." எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது.

இது நிற்கட்டும்: ஷோவா முப்பதுகளின் கடைசியில், அதாவது 1960-களின் தொடக்கத்தில், அந்த மருந்துக் கம்பெனியில் யார் ஊருக்குப் போய்த் திரும்பினாலும் இரண்டு பொருள் கொண்டுவர வேண்டும். பிரிவில் இருப்பவர்களுக்கு இனிப்பு, ஆய்வுக்கூடத்துக்கு ஒரு ஸ்பூன் மண்.*

* மழை விழுந்ததும் மண்ணிலிருந்து ஒரு வாசனை கிளம்புமே, அது பெரும்பாலும் இந்த ஆக்டினோபாக்டீரியாக்களின் கைவேலைதான். பூஞ்சை மாதிரி நூல் நூலாக வளரும், ஆனால் பாக்டீரியா. அக்கம்பக்கத்துக் கிருமிகளை ஒழிக்க ஆளுக்கொரு விஷம் காய்ச்சும். காசநோய்க்குப் போடும் ஊசிமருந்து அப்படிக் கிடைத்ததுதான். இடத்துக்கு இடம் இனம் மாறும் என்பதால்தான் இந்த மண் பைத்தியம்.

3

குசகாபே மித்ஸுஎ, கண்ணாடித் தட்டுகளில் கிருமி வளர்ப்பவள். கல்யாணமானால் பெண்கள் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். கல்யாணமே ஆகாதவள் என்று சொல்லித்தான் அவள் சேர்ந்தாள். உண்மையில் கல்யாணமாகி, முறிந்து, மகன் கணவன் வீட்டோடு போய்விட்டான். இனி அவனைப் பார்க்க வரவே கூடாது என்று அந்த வீட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அக்டோபரில் ஷுசென்ஜி வெந்நீரூற்றுக்குப் போவதாகச் சொல்லி லீவு எடுத்தாள். போனது மிஷிமாவுக்கு, மகன் படிக்கும் பள்ளியின் விளையாட்டு விழாவுக்கு. வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். ஓட்டத்தில் அவன் கடைசிக்கு முந்திய ஆளாக வந்தான். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கிளம்பும்போதுதான் மண் ஞாபகம். வெறுங்கையோடு போனால் கேட்பார்களே. வேலியடி மண்ணையே சுரண்டி, உறையில் 'ஷுசென்ஜி, மூங்கில் தோப்பு' என்று எழுதினாள். நிலையத்தில் பிரிவில் இருப்பவர்களுக்கு ஒரு பெட்டி மஞ்சூ இனிப்பு வாங்கிக்கொண்டாள்.

[இந்த இடத்தில் நான் அவளைக் கொஞ்சமாவது கண்டிக்க வேண்டும். ஆராய்ச்சியில் பொய் பெரிய... இல்லை, என்னால் முடியவில்லை.]

4

அந்த மண்ணிலிருந்து வந்த ஒரு பாக்டீரியா இனம், நெல்லைக் கருக்கும் குலைநோய்ப் பூஞ்சையைத் தட்டோடு துடைத்துப் போட்டது. பயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, சோதனை எலிகளும் நன்றாக இருந்தன. அந்த நாளில் குலைநோய்க்குப் பாதரசத் தூளை விட்டால் வேறு கதியில்லை. அவளோடு வேலை செய்த நிஹேயின் அண்ணன் வருடாவருடம் வயலில் அதைத்தான் தூவினார்.

[பாதரசத்தால் நோயுற்ற குழந்தை ஒன்றைக் கொண்டுவரலாமா? வேண்டாம். உங்களை அழவைக்க அது குறுக்கு வழி.]

பிறகு அந்த இனம் கெட்டது. மறுபடி மறுபடி வளர்த்ததில் மேலே படியும் வெண்தூள் போய் மொட்டையாகி, மருந்து காய்ச்சுவதையே மறந்துவிட்டது. சேமித்து வைத்த குழாய்களிலும் அதே மொட்டை. கொண்டுவந்த மண்ணும் தீர்ந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை மொத்தப் பேரும் ஷுசென்ஜி போறோம்," என்றார் தோகாஷி, எல்லோரும் 'காச்சோ' என்று கூப்பிடும் பிரிவுத் தலைவர். "குசகாபே சான், எந்த மூங்கில்னு நீங்கதான் காட்டணும்."

"மூங்கில் எல்லாம் ஒரே மாதிரிதானே காச்சோ இருக்கும்."

"அதனாலதான் உங்களைக் கூட்டிட்டுப் போறோம். குளிக்கத் துண்டு எடுத்துக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

5

முடிவு அ: அவள் ஏதோ ஒரு மூங்கிலைக் காட்டுகிறாள். எல்லோரும் தோண்டுகிறார்கள், குளிக்கிறார்கள், திரும்புகிறார்கள். நிஹேயின் அண்ணன் பாதரசம் தூவப் போகிறார். எழுதி முடித்தபின் எனக்கே அவள் மேல் கோபம் வந்தது. கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: அவளே தனியாக மிஷிமா போய் ரகசியமாக மண் எடுத்து வரலாமே? கெட்டிக்காரர் நீங்கள். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒரு ஸ்பூனில் அதே இனம் மறுபடி அகப்படும் என்பது லாட்டரி. வேலி நெடுகப் பத்துப் பேர் உட்கார்ந்து நூறு உறை நிரப்பினால்தான் நம்பிக்கை. பத்துப் பேர் உட்கார்ந்தால் ஊரே கூடும், அந்த வீட்டுக்காரர்கள் உட்பட.

6

ஆகவே நிஹேயை அனுப்புகிறேன். சனிக்கிழமை மதியம், தட்டு கழுவும் தொட்டியருகே அவன் வந்து நிற்கிறான்.

"அந்த மண்ணைக் காய வெச்சுச் சலிச்சது நான்தான், குசகாபே சான்."

"தெரியும்."

"உள்ள சுண்ணாம்புத் தூள் இருந்துச்சு. மூங்கில் தோப்புல கோடு போட்டு யாரு ஓட்டப்பந்தயம் வெக்கிறாங்க?"

அவள் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லல," என்றான். "ஏன்னும் கேக்க மாட்டேன். எந்தப் பள்ளிக்கூடம்னு மட்டும் சொல்லுங்க. உறையை மாத்திப் போட்டது நான்னு காச்சோகிட்ட சொல்லிக்கிறேன்."

"அப்புறம் உங்க கையில ஒரு மண்ணையும் நம்பிக் குடுக்க மாட்டாங்க."

"குடுக்காட்டி பாட்டில் கழுவறேன். எங்க அண்ணன் கையைப் பாத்திருக்கீங்களா நீங்க? சாப்பாட்டுக் குச்சி பிடிக்க வரல, நடுங்குது."

7

இதற்குமேல் எழுதப் பலமுறை முயன்றேன். அவள் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லிவிட்டாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கையைப் பற்றிக் கேட்டபின் அவளால் சொல்லாமல் இருக்க முடியாது. நெல்லுக்கு அது போதும்.

ஆனால் பெயரைச் சொன்னபின் அவள் நகரவில்லை. ஈரக் கையைத் துடைக்காமல் நிற்கிறாள். பழியை நிஹேய் சுமக்கட்டும் என்று விட்டுவிட்டால் வேலை மிஞ்சும். "அங்க என் பையன் படிக்கிறான்" என்று காச்சோவிடம் போய்ச் சொன்னால் வேலை போகும், ஆனால் இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவனை வாய்விட்டு மகன் என்று சொல்லியிருப்பாள். "பையனா? பேரு என்ன?" என்றுதான் காச்சோ முதலில் கேட்பார், மனிதர்கள் அப்படித்தானே கேட்பார்கள்.

நீங்கள் கவனித்திருப்பீர்கள், அவனுக்கு நான் இதுவரை பெயர் வைக்கவில்லை. மறதியில்லை, பயம். வைத்தால் அவள் காச்சோவிடம் சொல்லக் கிளம்பிவிடுவாள்.

உங்களுக்குத் தைரியம் இருந்தால் நீங்கள் வையுங்கள்.