இரண்டு விரல் அழுத்தம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. எல்லாக் கதையும் அப்படித்தான் என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. இது ஒரு படகுப் பட்டறையில், செய்த வேலையைப் பதியும் ஜாப் கார்டில் எழுதிய பொய். ஐந்தே சொற்கள்: ‘கம்பி இரண்டு விரல் அழுத்தத்தில் போனது.’ கையெழுத்து என்னுடையது. அழகாக இருக்கும்.

இன்று வெள்ளிக்கிழமை. படகோட்டி அக்காவின் மேல்முறையீட்டுக்குப் புதிய சான்று ஏதும் இருந்தால் கொடுக்கலாம் என்று துறைமுக அலுவலகம் சொன்ன கெடு இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. இப்போது காலை பத்தரை. அதற்குள் இந்தக் கதையை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘அன்று கடல் அமைதியாக—’

இல்லை. அன்று நான் கடலில் இல்லை.

இரண்டாவது: ‘அவள் துணிச்சலான பெண்—’

அக்காவை ‘அவள்’ என்று எழுதக் கை வரவில்லை. தவிர, துணிச்சலானவர் என்று முதல் வரியிலேயே எழுதினால் அவருக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். (நடந்துவிட்டது.)

மூன்றாவது: வேலையிலிருந்து தொடங்குவது. எனக்கு உறுதியாகத் தெரிந்தது அது மட்டும்தான்.

படகுக்குள் பின்பக்கம் இன்ஜின். வெளியே, பின்சுவரில் தொங்குவது டிரைவ். புரொப்பல்லர் அதில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு தண்டு சுவரைத் துளைத்துப் போய் இன்ஜினின் கப்ளிங்கில் பொருந்தும். கப்ளிங்கின் உள்பக்கம் முழுக்கப் பற்கள். இன்ஜினும் டிரைவும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அரை நூல் விலகினாலும் பற்கள் தேயத் தொடங்கும். ஒருநாள் இன்ஜின் ஓடும், புரொப்பல்லர் சுற்றாது.

நேர்கோடு பார்க்க டிரைவைக் கழற்றிவிட்டு, தண்டின் இடத்தில் ஒரு கனத்த கம்பியை வெளியிலிருந்து விடுவார்கள். நுனியில் கிரீஸ் தடவியிருக்கும். இரண்டு விரலால் தள்ளினால் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் இன்ஜினின் முன்கால் நட்டுகளைத் திருகி, ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். கம்பியை வெளியே எடுத்தால் கிரீஸில் பற்களின் தடம் சுற்றிலும் ஒரே மாதிரி விழுந்திருக்க வேண்டும்.*

* விரல்தான் அளவுகோல். கல்லூரி ஆய்வகத்தில் இப்படி எழுதியிருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்காது. ஆனால் அந்தக் கம்பியிடம் விரல் பொய் சொன்னதில்லை. கார்டுதான் சொன்னது.

3

பட்டறை என் அண்ணனுடையது. மெக்கானிக்கும் அவன்தான். நான் இயற்பியல் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல், அவனுக்கு ஜாப் கார்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். என் கூச்சத்துக்கு ஏற்ற வேலை. கார்டு யாரையும் முகம் பார்த்துப் பேசச் சொல்வதில்லை.

அக்காவின் படகுக்கு நேர்கோடு பார்த்த அன்று டார்ச் பிடித்தவள் நான். கம்பி முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. அண்ணன் முன்கால் நட்டைத் திருகிப் பார்த்தான். துருவேறி இறுகியிருந்தது. அதைக் கழற்ற இன்ஜினை மறுபடி தூக்க வேண்டும். தூக்கும் சங்கிலியை அப்போதுதான் அடுத்த படகுக்கு மாட்டியிருந்தான். கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றான். பிறகு ரப்பர் சுத்தியலை எடுத்துக் கம்பியின் பின்னால் இரண்டு தட்டுத் தட்டினான். போய்விட்டது.

அவன் கம்பியை வெளியே இழுத்ததும் அதன்மேல் வெளிச்சம் அடித்தேன்.

“அண்ணா, தடம் மேல மட்டும்தான் இருக்கு.”

“இருக்கட்டும்.”

“சுத்திலும் வரணும்ல?”

“விஞ்ஞானி சொல்லிட்டாங்க,” என்று இன்ஜினைப் பார்த்துச் சொன்னான். “நல்லா கேட்டுக்கப்பா.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் என்னால்—

“ஓட ஓட தானா உக்காந்துடும். நீ எழுது, ரெண்டு விரல்ல போச்சுன்னு.”

எழுதினேன். அவன் அந்தப் பக்கம் போனதும் என் சொந்த நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்தேன். அதன் மேல் கால்பகுதியை மட்டும் கறுப்பாக்கினேன். ‘சுத்தியலால் தட்டிய பின் போனது’ என்று எழுதி, படகின் எண்ணும் தேதியும் போட்டேன். ஆய்வகப் பழக்கம். பார்த்ததைப் பார்த்த சூட்டோடு வரைந்துவிட வேண்டும்.

இந்தக் கதையையும் அந்த நோட்டில்தான் எழுதுகிறேன். இது பதினோராம் பக்கம்.

4

ஏழு வாரம் கழித்து, துறைமுக வாயில் பக்கத்தில், இன்ஜின் ஓடியது, புரொப்பல்லர் நின்றது. அக்காவின் படகில் எதிர்க்கரைக்குப் போகிறவர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். அலை படகைத் தடுப்புக் கற்கள்மேல் தள்ளியது. அக்கா கையை ஊன்றிக் கல்லிலிருந்து படகைத் தள்ளிப் பிடித்திருக்கிறார். ஒன்பது பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. படகுக்கும் கல்லுக்கும் நடுவே சிக்கிய வலது கையில் விரல்கள் இப்போது மடங்குவதில்லை.

ஆழம் குறைந்த இடத்தில் டிரைவை எதன்மேலோ இடித்துவிட்டார் என்று விசாரணையில் முடிவானது. பட்டறைக் கார்டின்படி பொருத்தம் சரியாக இருந்ததாம். அக்காவின் ஓட்டும் உரிமத்தை ரத்து செய்தார்கள். மேல்முறையீடு அதை எதிர்த்துத்தான். கப்ளிங்கைப் பார்த்திருந்தால் பற்கள் சொல்லியிருக்கும். படகைப் பட்டறைக்கு இழுத்து வந்தபோதே அண்ணன் அதைக் கழற்றிப் பழைய இரும்போடு போட்டுவிட்டான். தெரியாமல் போட்டதாகச் சொல்கிறான்.

திங்கட்கிழமை அக்கா பட்டறைக்கு வந்தார். அண்ணன் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தார் என்று நினைக்கிறேன்.

“ஏம்மா, அன்னிக்கு நீதானே லைட்டு பிடிச்ச?”

“ஆமாக்கா.”

“நெசமா ரெண்டு விரல்ல போச்சா?”

“கார்டுல எழுதியிருக்குக்கா.”

“கார்டு எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. படிச்சுப் படிச்சு மனப்பாடமே ஆயிடுச்சு. நான் கார்டைக் கேக்கல, உன்னைக் கேக்கறேன்.”

நான் மேசையைப் பார்த்தேன். மேசைமேல் ஒரு வாஷர் கிடந்தது. அதன் உள்விட்டம் பத்து மில்லிமீட்டர் இருக்கும்.

“சரி விடு, உனக்குப் பேச்சு வராது, தெரியும்,” என்றார். “எழுதியாவது குடு. எழுதறதுன்னா நல்லா எழுதுவியே.”

எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன் அக்கா. மணி ஒன்று பத்து.

5

அண்ணன் இந்தக் கதையில் கெட்டவனாகிக்கொண்டு வருகிறான். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று வருடம் தினமும் என்னை வண்டியில் கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்டவன். மழை நாளில் தன் மழைக்கோட்டைக் கழற்றி என் புத்தகப் பையில் சுற்றியவன். (இது கதைக்கு இடைஞ்சல். ஆனாலும் இருக்கட்டும்.) விபத்துக்குப் பிறகு அந்த ரப்பர் சுத்தியலைக் காணவில்லை. நானும் எங்கே என்று கேட்கவில்லை.

நோட்டில் வரைந்த அந்த வட்டம் துறைமுக அலுவலகத்துக்குப் போனால் பட்டறையைப் பூட்டுவார்கள். அண்ணன்மேல் வழக்கும் வரலாம். அம்மா எதையும் நேராகக் கேட்கவில்லை. “இந்த வீடே அவன் ஒருத்தனை நம்பித்தான் இருக்கு. எதுவா இருந்தாலும் பாத்துப் பேசு,” என்றார். நான் எங்கே பேசினேன்.

நம்பவே முடியாத பாத்திரம் ஒன்று இதில் இருக்கிறது. சுத்தியல் பிடித்தவன் இல்லை. மணி மூன்றைத் தாண்டிய பிறகும் பேனாவைக் கீழே வைக்காதவள்.

6

சில முடிவுகளை அந்தக் கம்பியைப் போல உள்ளே விட்டுப் பார்த்தேன்.

அவள் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அண்ணன் மன்னிக்கிறான். அக்கா அவள் தலையைத் தடவுகிறார், வலது கையால்.

இது சுத்தியலால் தட்டி ஏற்றியது. அந்தக் கையால் தடவ முடியாது.

அண்ணன் தானே போய் ஒப்புக்கொள்கிறான்.

கீழே பட்டறையில் அவன் கிரைண்டர் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. எங்கும் போகவில்லை.

பழைய இரும்புக் கடையில் அந்தக் கப்ளிங் அகப்படுகிறது, அதைப் பார்த்த அதிகாரி—

உருக்கியிருப்பார்கள்.

அவள் எதுவும் செய்வதில்லை. கதை நன்றாக வருகிறது. ஒரு பத்திரிகை அதைப் போடுகிறது. ‘உண்மையைத் துணிச்சலாகச் சொல்லியிருக்கிறீர்கள்’ என்று முன்பின் தெரியாத ஒருவர் கடிதம் எழுதுகிறார். அக்கா கதையெல்லாம் படிப்பவர் இல்லை.

இது தடையே இல்லாமல் போகிறது. இரண்டு விரல்கூட வேண்டியிருக்கவில்லை. கிரீஸில் தடம் சுற்றிலும் ஒரே மாதிரி விழுந்திருக்கிறது.

7

சற்று முன் கிரைண்டர் நின்றது. அண்ணன் மாடிப்படியில் பாதி ஏறி வந்தான்.

“காலையிலேர்ந்து என்னதான் எழுதுற, விஞ்ஞானி?”

“கதை.”

“பேய்க் கதையா?”

“இல்ல.”

நோட்டைப் பார்த்தான். முதல் பக்கத்தை அவன் எப்போதாவது பார்த்திருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. கையிலிருந்த துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். பத்து விரலும் ஆன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஆபீஸ அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க,” என்றான். இறங்கிப் போய்விட்டான்.

அவசரப்படுத்தினானா, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று தன்னை ஆறுதல்படுத்திக்கொண்டானா? அந்த வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அதே குரல்தான் வருகிறது. கிரைண்டர் சத்தம் மறுபடி கேட்கவில்லை.

இனி ஒன்றுதான் செய்ய முடியும். கிழித்த தாள் சான்றாகாது, நோட்டையே கொடுக்க வேண்டும். முடிவு எழுத வேண்டுமென்றால் நோட்டு என்னிடம் இருக்க வேண்டும். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமென்றால் கதை இந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். அச்சில் இது உங்கள் கைக்கு வந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். நோட்டு என்னைவிட்டுப் போகவே இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். போய்த் திரும்பி வந்தது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

நான் சொல்லப்போவதில்லை. தெரிந்ததை மட்டும் தருகிறேன். மணி நாலு நாற்பத்து மூன்று. அலுவலகம் ஒன்றரை கிலோமீட்டர், மேடு பள்ளம் இல்லாத சாலை. கதவு மூடப் பதினேழு நிமிடம்.

வேகத்தை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.