வலி எந்த மாடியில்?

லிஃப்ட் மெக்கானிக்குக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம். காயம் ஆறிவிட்டது, ஸ்கேனிலும் குறையில்லை. வலி மட்டும் வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி காலி செய்ய மறுத்தது. சூப்பர்வைசர் முடிவாகச் சொல்லிவிட்டார்: இந்த மாதத்துக்குள் லிஃப்ட் கூண்டின் மேல் குந்தி உட்கார்ந்து வேலை பார்த்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் கடைசிவரை ஸ்டோரில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். மனுஷனுக்கு அதற்குச் சாவே மேல்.

மனைவிதான் ஹிப்னாடிச டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"தூங்க வெச்சு என்னைய நாய் மாதிரி குரைக்க விடுவாங்களா?"

"வீட்ல ராத்திரி பூரா குறட்டை விடுறீங்களே, அதைவிடவா?"

டாக்டரம்மா தூங்க வைக்கவில்லை. "உங்க வலி பொய்யில்ல. காயம் ஆறினது உங்க மூளைக்கு இன்னும் எட்டல, பழைய அலாரத்தையே அடிச்சிட்டிருக்கு. அந்தச் சத்தத்தைக் குறைக்கக் கத்துக்கலாம்" என்றார். கண்ணை மூடச் சொன்னார். "இப்ப மாடிப்படியில மெதுவா இறங்குறீங்க..."

அவ்வளவுதான், தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. அடுத்த வாரமும் அதே கூத்து.

"படியில அப்படி என்ன தெரியுது உங்களுக்கு?"

"எங்கயோ லிஃப்ட் நின்னுபோச்சுன்னு தெரியுது டாக்டர். ஜனங்க படியில இறங்கினா எனக்கு போன்ல அர்ச்சனை விழும். அப்புறம் எங்க அமைதியாகுறது?"

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே உட்கார்ந்திருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "சரி, படியே வேணாம். லிஃப்ட்ல ஏறுங்க. வலி எந்த மாடியில இருக்கு?"

"எட்டுல." யோசிக்காமலே வந்தது.

"இறக்குங்க. பட்டன் உங்க கையில."

ஏழு எரிந்தது. ஆறு. ஐந்தில் நின்றுவிட்டது. மனிதர் பொலபொலவென்று அழுதார். ஐந்தாவது மாடியைப் பார்த்தே இரண்டு வருடம் ஆயிற்று!

அதிலிருந்து வீட்டில் தினமும் பயிற்சிதான். மனைவியும் "வலிக்குதா" என்று கேட்பதை விட்டு "எந்த மாடி?" என்று கேட்கத் தொடங்கினாள்.

சோதனை நாளும் வந்தது. கூண்டின் மேல் குந்தியதுமே வலி ஒரே பாய்ச்சலில் எட்டுக்கு ஏறியது. ஸ்பானர் நழுவி விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"முடியலன்னா விட்டுருங்கண்ணே" என்றார் வாசலில் நின்ற சூப்பர்வைசர்.

"இருங்க சார், இறக்கிட்டிருக்கேன்."

"லிஃப்ட் நின்ன இடத்துலயேதான நிக்குது?"

"அது வேற லிஃப்ட்."

ஏழு. ஆறில் அடம் பிடித்தது. அவர் விடவில்லை. ஐந்து, நான்கு, மூன்று. மூன்றுக்குக் கீழே அசைய மாட்டேன் என்றது. போதும், மூன்றோடு வேலை பார்க்கலாம். ஸ்பானரை எடுத்தார். தேய்ந்த கதவு உருளையை மாற்றினார், ஆயில் விட்டார், மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறைக்கும் ஏறிப் போய் பிரேக்கைச் சரிபார்த்தார். சூப்பர்வைசர் பட்டனை அழுத்திப் பார்த்தார். கதவு சத்தமே இல்லாமல் மூடியது.

"ஸ்டோருக்கு வேற ஆளைப் பாத்துக்கறேண்ணே" என்று கீழேயிருந்து கத்தினார்.

கை முழுக்கக் கறையோடு மெக்கானிக் மனைவிக்கு போன் போட்டார்.

அவள் ஹலோகூடச் சொல்லவில்லை. "எந்த மாடி?"

"வலி மூணாவது மாடியில கெடக்குடி! நான் மொட்டை மாடியில நிக்கிறேன்!"