மைசூரில் ஒரு தாய்மாமன்

"வெளியூர்க்காரனை வண்டியேற்றி அனுப்புவோம்!" என்று ஜடையப்பா மேடையில் கத்தினால் மைசூரே கை தட்டும். அவருக்கு அந்த வரியைக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தவன் நான், சகாயநாதன். என் தாத்தா சேலத்துக்காரர். வெட்கப்பட நேரமில்லை, நகரசபைத் தேர்தல் நெருங்கிவிட்டது.

ஜடையப்பாவும் கொள்ளேகாலத்துத் தமிழன் ஜடையன்தான். கொள்ளேகாலம் அப்போது மைசூரில் சேரவில்லை, சென்னை மாகாணம். அவர் கணக்குப்படி முதல் வண்டியில் ஏற வேண்டியவர் அவரே. மைசூரில் இது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் காலை, வீடு நிறைய ஆதரவாளர்கள் இருந்தபோது அவர் தங்கை ராமக்காள் வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றாள். குண்டலுபேட்டையில் வாழ்க்கைப்பட்டவள்.

"அண்ணா, வெள்ளிக்கெழமை பாப்பாவுக்குக் காது குத்தறமுங்க. உங்க மடியிலதான் உக்கார வெக்கோணும். கல்யாணத்துக்குத்தான் வரலீங்க. இதுக்கும் வரலீன்னா, பொறந்த ஊடு என்னையக் கைவிட்டுருச்சுன்னு எங்க மாமியா பேசியே கொல்லும்."

எல்லோரும் திரும்பினார்கள். ஜடையப்பா என்னிடம் கன்னடத்தில், "யார் இந்தம்மா? என்ன வேண்டுமாம்?" என்றார்.

அண்ணன் கேட்டதைத் தங்கைக்குத் தமிழில் சொன்னேன்.

அவள் அழவில்லை. "ஏனுங்க, இவருக்குத் தமிழ் வராதுங்களா?"

"வராதும்மா."

"சின்ன வயசுல தேள் கொட்டுனப்ப கத்தி ஊரையே கூட்டுனாரே, அது எந்த பாஷைங்க?"

"என்ன சொல்கிறார்?" என்றார் ஜடையப்பா. காது சிவந்திருந்தது.

"நீங்கள் ஜெயிக்க வாழ்த்துகிறார்."

கூட்டம் கை தட்டியது. ராமக்காள் தட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை நான் குண்டலுபேட்டைக்குப் பஸ் ஏறினேன். ஏன் என்று கேட்காதீர்கள். தட்டான் ஊசியோடு உட்கார்ந்திருந்தார். மாமியார் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராமக்காள் என்னை ஓரமாக இழுத்தாள்.

"அவரு வாயி நீங்கதானுங்களே. மடியும் நீங்களே குடுங்க."

"நான் வேதக்காரன்மா, மாதா கோயிலுக்குப் போறவன்."

"குத்தறது காதைத்தானுங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். "மைசூர் அண்ணனுங்க" என்று மாமியாரிடம் சொன்னாள். குழந்தை வீறிட்டு என் வேட்டியை நனைத்தது. மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்து, "இப்பவாச்சும் வழி தெரிஞ்சுதுங்களா?" என்றாள். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஜடையப்பா ஜெயித்தார். வெற்றிக் கூட்டத்துக்கான பேச்சை 'சகோதர சகோதரிகளே' என்று தொடங்கி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தவர், "சகோதரர்களே போதும்" என்றார்.

'சகோதரிகளே' என்பதை அடித்துக் கொடுத்தேன்.