பாதி பம்பர்

போன வாரம் பரிசோதகரின் வெள்ளைச் சட்டை கறுத்ததற்கு ஊசியின் கார்தான் காரணம். வாடகைக் கார் நிறுவனத்தின் வருடாந்திரப் பரிசோதனை அது. முன் பம்பரில் கையை ஊன்றிக் குனிந்து டயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரே கறுப்பு. படிவத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'சாயம் பூசி ஏமாற்ற முயற்சி.' அடுத்த செவ்வாய்க்குள் சரியாகக் கொண்டுவராவிட்டால் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவேன் என்றார். அந்த ஒரு வரி பதிவில் இருந்தால் வேறு எந்த நிறுவனமும் அவளைச் சேர்க்காது.

எட்டு வருடம் ஓட்டியவள். யாரிடமும் பேச்சில் தோற்காததால் வந்த பெயர் ஊசி. அன்று மட்டும் படிவத்தை வாங்கிக்கொண்டு வண்டியைத் திருப்பினாள். ஏனென்றால் பம்பர் எப்படிக் கறுப்பானது என்று அவளுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது. ஸ்டிக்கர் கடையில் வேலை பார்க்கும் கொழுந்தன், வெளுத்த பம்பரோடு போனால் தேறாது என்று, அண்ணிக்கு உதவுவதாக நினைத்து, அன்று விடிவதற்குள் இரண்டு டப்பா ஷூ பாலிஷைத் தேய்த்து வைத்திருந்தான்.

"மழைக்கு நிக்கும்னுதான் அண்ணி போட்டேன்."

"நின்னுச்சே! அந்தாளு சட்டையில நின்னுச்சு."

"நான்தான் பூசினேன்னு போய்ச் சொல்லிடட்டுமா?"

"சொன்னா? மூளையில்லாத கொழுந்தன் வேற இருக்கான்னு அதையும் சேத்து எழுதுவாரு. வண்டி என் பேர்ல இருக்கு, நான் பேசிக்கறேன். நீ கடையிலேருந்து ஹீட் கன்னை எடுத்துட்டு வா."

ஒட்டிய ஸ்டிக்கரை இளக்கி உரிக்கும் கருவி அது. தலைமுடி காயவைக்கிற கருவிக்கு முரட்டு அண்ணன்.

பாலிஷைக் கழுவி எடுக்கவே ஒரு காலைப்பொழுது போனது. சோப்புத் தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ், வாளி வாளியாகக் கறுப்பு நீர். அடியில் கிடந்தது பம்பரின் உண்மையான நிறம்: வெயில் குடித்துத் துப்பிய வெளிர் சாம்பல். அதை நன்றாகக் காயவிட்டாள். கண்ணாடி ஓரத்து ரப்பரில் சூடு காட்டவில்லை, காட்டினால் வெடித்துவிடும். துடைத்து, ரப்பருக்கு மெருகேற்றும் களிம்பை மெல்லிசாகத் தேய்த்ததோடு சரி.

முதலில் பம்பரின் அடிமூலையில் சூடு வைத்துப் பார்த்தாள். ஒரு நொடி கூடுதலாக நின்றுவிட்டது. நகம் அளவுக்கு இளகி, வழுக்கைத் தலை மாதிரி பளபளத்தது. "சனியன்" என்று சொல்லிவிட்டு, அதற்குப்பின் ஓரிடத்திலும் நிற்காமல் கையை ஆட்டிக்கொண்டே போனாள். பிளாஸ்டிக்குக்குள் ஒளிந்திருந்த எண்ணெய்ப்பசை மேலே வந்தது. சாம்பல் விலக விலகக் கறுப்பு பின்னாலேயே ஓடிவந்தது. சரியாக நடுவில் கருவியை அணைத்தாள்.

"ஏன் அண்ணி நிறுத்திட்டீங்க?"

"முழுசா முடிச்சா மறுபடியும் சாயம்னுதான் சொல்லுவாரு. மிச்சம் அங்க போய்."

செவ்வாய்க்கிழமை. பரிசோதனைக் கொட்டகையில் அவளுக்குப் பின்னால் ஆறு கார்கள். பரிசோதகர் பம்பரைப் பார்த்தார். இடப்பக்கம் கறுப்பு, வலப்பக்கம் சாம்பல்.

"என்னம்மா இது, பாதி மொட்டை?"

"பூசலை சார். உங்க கண்ணு முன்னாலேயே காட்டறேன்." அவர் மேசை மின்விசிறியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கருவியைச் செருகினாள்.

"ஏய், யாரைக் கேட்டு..."

அதற்குள் காற்று சீறத் தொடங்கிவிட்டது. ஒரு சாண் கறுத்தது. இன்னொரு சாண். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் இறங்கிவந்து எட்டிப் பார்த்தார்கள்.

"யக்கா, என் வண்டிக்கும் இப்படி வருமா?"

"வரும். கை நின்னா கருகும், பாத்துக்க."

பரிசோதகர் தொட்டுப் பார்த்தார். சுட்டது, ஆனால் ஒட்டவில்லை. "எத்தனை நாளைக்கு?"

"அஞ்சாறு மாசத்துல வெளுக்கும். பொய் சொல்ல மாட்டேன். மறுபடி காய்ச்சுவேன். ரெண்டு மூணு தடவைக்கு மேல கேக்காது, அப்புறம் பம்பரையே மாத்தணும்."

அவர் தேர்ச்சி ஸ்டிக்கரை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினார். "சரி, வண்டியை எடு."

"பழைய வரி சார்?"

"அது பதிவு. அதுபாட்டுக்கு இருக்கும். வண்டிதான் பாஸாயிடுச்சே."

"வண்டி பாஸாயிடுச்சு. ஏமாத்துனவன்னு எழுதினது என்னை."

"பின்னாடி ஆறு பேர் நிக்கிறாங்கம்மா!"

"நிக்கட்டும் சார். எனக்கொண்ணும் அவசரமில்லை." கருகாதபடி கருவியைத் தள்ளிப் பிடித்து, அவள் நத்தை வேகத்தில் நகர்த்தினாள். மேசையைச் சுற்றிப் புழுக்கம் ஏறியது. வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்: "எழுதினதை அடிச்சு விடுங்க சார், நாங்களும் வீட்டுக்குப் போகணும்!"

பரிசோதகர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். பேனாவை எடுத்து, தாள் கிழிகிற அழுத்தத்தில் அந்த வரியின் மேல் கோடு போட்டார்.

"போதுமா?"

"பக்கத்துல உங்க கையெழுத்து. இல்லேன்னா நானே அடிச்சேன்னு சொல்லுவாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்திட்டார். அவள் தலையை நீட்டி, தேதியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரு சாண் பாக்கி இருக்கு சார். முடிச்சுட்டுக் கிளம்பறேன்."