காம்போடு

விடியும் முன்பே பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. பயிர் வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்களின் ஈரம் இன்னும் தக்காளிகளின் மேல் முத்து முத்தாக நின்றது. மின்சாரம் இல்லை. கொட்டகையின் பெரிய கதவை முழுக்கத் தள்ளித் திறந்து, அதன் வழியே வந்த சாம்பல் வெளிச்சத்தில் பெண்கள் மேசையின் இரு பக்கமும் நின்றார்கள்.

நிஹாயா ஒரு தக்காளியை இடது உள்ளங்கையில் வைத்தாள். வலது கட்டைவிரல் நகத்தைக் காம்புக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். பச்சைக் காம்பு தன் இதழ்களோடு கழன்று காலடியில் விழுந்தது. கொஞ்சம் கூடுதலாக நெம்பினால் தோல் கிழியும், கிழிந்தது கழிவுக்குப் போகும். கொஞ்சம் குறைவாக நெம்பினால் காம்பில் பாதி குழிக்குள் தங்கிவிடும். அப்படித் தங்கினால் லாரியே திரும்பி வரும்.

அடுத்த தக்காளி. டக். அடுத்தது.

காம்பின் சுணை விரலில் ஒட்டும்போது பச்சையாக இருக்கும். வெயில் ஏற ஏறக் கறுத்துவிடும். சோப்புப் போட்டால் மஞ்சளாக ஓடுமே தவிர முழுக்கப் போகாது. கையுறை கொடுத்தார்கள். நகம் பட்ட இடத்தில் அது கிழிந்துகொண்டே இருந்தது. நகத்தடியில் புளிப்புச் சாறு இறங்கி எரிந்தது. இரவில் ரொட்டியைப் பிய்க்கும்போதும் கட்டைவிரல் தானாக நெம்பிப் பார்த்தது.

இந்த வேலை இந்தக் கோடையில் வந்தது. அதுவரை கராரா ஊரில் காம்பு உதிர்ந்த தக்காளி என்றால் கழிவுதான். சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். குண்டுவீச்சு ஓய்ந்து, கரம் அபூ சாலிம் எல்லை வாசல் மறுபடி திறந்தபோது, தக்காளி மேற்குக் கரைக்குப் போகலாம், ஆனால் காம்பு இருக்கக் கூடாது என்று வாசலுக்கு அந்தப் பக்கமிருந்து உத்தரவு வந்தது. ஏன் என்று கொட்டகையில் யாருக்கும் தெரியாது. முதல் வாரம் பெண்கள் பாதிச் சரக்கைத் தப்பாகப் பிரித்தார்கள். காம்பில்லாததைக் கண்டதும் கை பழக்கத்தில் அதைக் கழிவுக் கூடைக்குத் தள்ளியது. காம்போடு இருந்தது நேராகப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது.

அப்போது உம்மு வஜ்தி, "இத்தன வருஷமாக் குழந்தை மாதிரி தூக்கு, கழுத்து பத்திரம்னு சொல்லிட்டு, இப்போ கழுத்தத் திருகுன்னா கை எப்படிக் கேக்கும்?" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். கணவனை இழந்தவள், பருத்த உடம்பு. கொட்டகையில் அவள் குரல்தான் ஜெனரேட்டர்.

வெளிச்சம் நன்றாக வந்தபின் சாப்பிட உட்கார்ந்தார்கள். கிழிந்த தக்காளிகளை மிளகாயும் சதகுப்பைக் கீரையும் உப்பும் சேர்த்து மண்சட்டியில் இடித்து, எண்ணெய் ஊற்றி, ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டார்கள். இந்தச் சட்டிக்குள் போவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்று உம்மு வஜ்தி சொன்னாள். நிஹாயா சிரிக்கவில்லை. இரண்டு நாள் முன்பு மாலையில் அவள் போனுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. கணவன் ரஃபீக்குக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது, மற்றதில் மங்கிக்கொண்டிருக்கிறது. ஜெருசலேம் ஆஸ்பத்திரியில் தேதி கிடைத்திருந்தது. எல்லையைத் தாண்ட அனுமதிதான் வேண்டும். செய்தியில் வழக்கமான சொல்தான் இருந்தது. பரிசீலனையில்.

சட்டி காலியாகும் முன்பே வெளியே லாரிச் சத்தம் கேட்டது. முந்தைய நாள் காலை எல்லை வாசலுக்குப் போன லாரி அது. காலியாக வரும் லாரியின் சத்தம் கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். இது சுமையோடு வரும் சத்தம்.

டிரைவர் ஃபாயிக் இறங்கி வந்தான். சட்டை உப்புப் பூத்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பகல் முழுக்க வெயிலில் நிறுத்தி வைத்தார்கள், இரவும் முற்றத்திலேயே போனது, விடிந்ததும் ஒரு பெட்டியைக் கிளறி இதை எடுத்துக் கையில் கொடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள் என்றான். பையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து மேசையில் வைத்தான். அதன் தலையில் பச்சைக் காம்பு இருந்தது.



நிஹாயாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த லாரிக்கான கடைசி வரிசையை, அது கிளம்புவதற்கு முந்தைய மாலை அடுக்கியது அவள். அந்த நேரத்தில்தான் போனில் அந்தச் செய்தி வந்தது. படித்தாள், போனைப் பையில் போட்டாள், மறுபடி கையை ஓட்டினாள். கை பழைய புத்திக்குப் போயிருக்கிறது.

கொட்டகைக்காரர் அபூ முன்திர் உள்ளே வந்தார். ஹாஜி என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். அவர் முதலில் லாரியின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். முகம் வெளுத்திருந்தது. மேசையில் இருந்ததைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"யாரோட கை இது?"

அந்தத் தக்காளியை எடுத்து உயர்த்திக் காட்டிவிட்டு மறுபடி மேசையில் வைத்தார்.

"ஒரு லாரிச் சரக்கு. ஒரே ஒரு காம்பு. செஞ்சவ யாருன்னு சொன்னா அவ மட்டும் வீட்டுக்குப் போவா. சொல்லலேன்னா நஷ்டம் எல்லாருக்கும் பங்கு."

அரீஜ் என்ற இளம்பெண் தாவரவியல் படித்தவள். வேறு வேலை கிடைக்காமல் இங்கே வந்தவள். அவள் லாரிப் பக்கம் போய் ஒரு பெட்டியை இழுத்துத் தூக்கிவந்து மேசையில் வைத்தாள். காம்பு நீக்கிய தக்காளிகள். குழிகளில் நீர் கோத்திருந்தது. சிலவற்றில் வெள்ளைப் பூஞ்சை நூல் விட்டிருந்தது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சாறு இறங்கி, அடி வரிசை கூழாகியிருந்தது. நாற்றம் எழுந்தது. பக்கத்தில் காம்போடு இருந்த அந்த ஒன்று, அதே வெயிலில் அதே லாரியில் கிடந்தது, இறுக்கமாகப் பளபளத்தது.

"காயத்தத் திறந்து வச்சு அனுப்பறோம் ஹாஜி," என்றாள் அரீஜ்.  

"எனக்குப் பாடம் எடுக்காதே மகளே. தக்காளி எனக்கும் தெரியும். சட்டம் போட்டது நானா? அவங்க நம்பர் தரேன், நீயே பேசு. மணி அடிக்கும். அடிச்சுக்கிட்டே இருக்கும்."

 நிஹாயா நாலு பேர் நடுவில்கூடக் குரல் வெளியே கேட்காத ரகம். ஆனால் நஷ்டம் எல்லோருக்கும் பங்கு என்று கேட்டபின் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"என் கைதான் ஹாஜி," என்றாள்.

ஹாஜி அவளைப் பார்த்தார். ரஃபீக்கின் கண் விஷயம் அவருக்குத் தெரியும். பெருநாளுக்கு மறுநாள் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனவர்தான்.

"நாளைக்கு வராதே," என்றார். 

உம்மு வஜ்தி கையுறையை உருவினாள். சாறு சொட்டிய அந்தக் கிழிந்த கையுறையைப் பெட்டியின் விளிம்பில் போட்டாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் தன் கையுறையை உருவினாள். பிறகு அரீஜ். மேசை நெடுக அந்தச் சத்தம் போனது.

"என்ன இது?" என்றார் ஹாஜி.

"அவ வரலேன்னா நாங்களும் இல்ல. வந்தாலும் இனிமே காம்பு கிள்ள மாட்டோம்," என்றாள் உம்மு வஜ்தி.

"பைத்தியமா உங்களுக்கு? இந்தத் தெருவுல வேலைக்கு ஆளுக்கா பஞ்சம்? ஒரு குரல் குடுத்தா வாசல் நிறைஞ்சுரும்."

"நிறையும். அவங்களும் கிள்ளுவாங்க. அதுவும் இதே மாதிரி அழுகி வரும். அப்புறம் அவங்க கூலியிலயும் கை வைப்பீங்க."

"என்கூட ஏம்மா சண்டை? நான் யாரு? நடுவுல மாட்டிக்கிட்டவன்."

"தெரியும் அபூ முன்திர். சட்டம் போட்டவன் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கான். அவன் முகத்தக்கூட நாங்க பாத்ததில்ல. எங்க கைக்கு எட்டுறது நீங்கதான்."

ஹாஜி வெளியே போனார். லாரியின் தார்ப்பாயை முழுக்க அவிழ்த்தார். பிறகு ஃபாயிக்கும் அவரும் பெட்டிகளை இறக்கி, கூழானதை எல்லாம் ஆட்டுத் தீவனத்துக்குக் கொட்டத் தொடங்கினார்கள்.

ஒரு கொட்டகை மட்டும் வேலையை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்று பெண்களுக்குத் தெரியும். சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கொட்டகை இருக்கிறது. அதில் நிஹாயாவின் நாத்தனார் தஹானி வேலை செய்கிறாள். நீதான் போய்ச் சொல்ல வேண்டும் என்று உம்மு வஜ்தி அவளை அனுப்பினாள். எனக்குப் பேச வராது என்று நிஹாயா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

உச்சி வெயிலில் அவள் சாலையைத் தாண்டினாள். மேலே ஆளில்லா விமானத்தின் ரீங்காரம் எப்போதும்போல இருந்தது. அங்கேயும் அதே மேசை, அதே சத்தம். டக், டக். அவள் நடந்ததைச் சொன்னாள். நான்கைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. யாரும் கையை நிறுத்தவில்லை.

தஹானி தலை நிமிராமல் கேட்டாள். "நிறுத்தினா வாசல் திறக்குமா?"

"தெரியாது."

"எத்தன நாள் நிக்கணும்?"

"தெரியாது."

"அதுவரைக்கும் பிள்ளைங்களுக்கு என்ன குடுக்கிறது?"

 நிஹாயா திரும்பி நடந்தாள். முதுகுக்குப் பின்னால் டக், டக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வீட்டில் ரஃபீக் மங்கிய கண்ணால் கதவுப் பக்கம் பார்த்து, ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அவள் கையை எடுத்து, கறுத்த கட்டைவிரலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். 

தக்காளிக்கு வேலைநிறுத்தம் தெரியாது. மறுநாளும் கூடாரங்களில் பழுத்துச் சிவந்து நின்றது. விவசாயிகள் பறித்து வந்து இறக்கினார்கள். பெண்கள் எல்லோரும் வந்தார்கள், நிஹாயாவும் வந்தாள். ஹாஜி அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். தெருவில் வேறு ஆளைக் கூப்பிட்டுப் பார்த்தாரா, கூப்பிட மனம் வரவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. பெண்கள் காம்போடு பிரித்து, காம்போடு அடுக்கினார்கள். வேலை பாதி நேரத்தில் முடிந்தது.

"ஏத்துங்க," என்றார் ஹாஜி. "எப்படியும் திருப்பி அனுப்பப் போறான். கூழா வர்றதுக்கு இது முழுசாவாவது வரும். இங்க சந்தையில தள்ளிடலாம், சல்லிக் காசுக்கு."

"நாங்களும் வர்றோம்," என்றாள் உம்மு வஜ்தி.

"வாசல்ல வந்து என்ன பண்ணுவீங்க?"

"நிப்போம்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம், யாராவது மயங்கி விழுந்தால் நான் பொறுப்பில்லை, தண்ணீர்க் கேனை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று முணுமுணுத்தார்.

கரம் அபூ சாலிமின் வெளி முற்றத்தில் நிழல் கிடையாது. இந்தப் பக்கத்துக் காவலர் ஒருவர் பெண்களைப் பார்த்து எழுந்து வந்தார். காம்போடு போகாது, சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், வண்டியைத் திருப்புங்கள் என்றார். ஃபாயிக் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியை உம்மு வஜ்தியிடம் கொடுத்தான். காவலர் சாவியைக் கேட்டார். அவள் அதை உள்சட்டைக்குள் போட்டுக்கொண்டு, எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி என்றாள். அவர் முகம் சிவந்து திரும்பிப் போய்விட்டார்.

லாரியின் பக்கவாட்டில் ஒரு கையகல நிழல் விழுந்தது. அதில் நெருக்கி உட்கார்ந்தார்கள். எதிரே கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, அதற்கும் அப்பால் ஒரு கோபுரம். கோபுரத்துக் கண்ணாடி வெயிலில் மின்னியதால் உள்ளே ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியவில்லை. தீவனமும் மாவும் ஏற்றிய லாரிகள் அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தன. இந்தப் பக்கமிருந்து ஒன்றும் போகவில்லை. ஹாஜி நம்பருக்குப் போட்டார். மணி அடித்தது. மறுபடி போட்டார்.

நிழல் சுருங்கியது. காலை மடக்கிக்கொண்டார்கள். அரீஜுக்குத் தலை சுற்றியது. அவள் முகத்தில் தண்ணீர் தெளித்து மடியில் சாய்த்துக்கொண்டார்கள். உம்மு வஜ்திகூடப் பேச்சை நிறுத்திவிட்டாள். இதனால் என்ன ஆகும் என்று நிஹாயா நினைத்தாள். ஒன்றும் ஆகாது. அந்தக் கதவுக்கு நாம் இங்கே உட்கார்ந்திருப்பதே தெரியாது. எழுந்து போகலாம் என்று யாராவது சொன்னால் எழுந்துவிடலாம் என்று தோன்றியது. யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

வெயில் மேற்கே சாயத் தொடங்கியபோது சாலையில் புழுதி தெரிந்தது. ஒரு லாரி. முன் இருக்கையில் டிரைவருக்குப் பக்கத்தில் மூன்று பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வண்டி நின்றதும் தஹானி குதித்து இறங்கினாள். நேராகப் பின்னால் போய்த் தார்ப்பாயின் ஒரு முனையை அவிழ்த்துத் தூக்கிக் காட்டினாள். மேல் வரிசை முழுக்கப் பச்சைக் காம்பு.

நிஹாயா எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது.

"நேத்து நீ மட்டும் வாசல் திறந்துடும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன்னா, எங்காளுங்க யாரும் நம்பியிருக்க மாட்டாங்க," என்றாள் தஹானி. "நீ போனப்புறம் கை ஓடல. இந்தா, ரொட்டி கொண்டாந்தோம். பின்னால ரெண்டு பேரு கழுதை வண்டியில வர்றாங்க."

"வாசல் திறக்கல," என்றாள் நிஹாயா.

"தெரியுது. தள்ளி உட்காரு."

ஹாஜி போனைச் சட்டைப் பையில் போட்டார். புழுதிக்குள் நடந்து போய், வா, வா, இன்னும் வா என்று இரண்டு கையாலும் சைகை காட்டி, அந்த லாரியைத் தம் லாரிக்குப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தச் செய்தார். இரண்டு லாரிகளுக்கும் நடுவே நிழல் கொஞ்சம் அகலமாக விழுந்தது. பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.